சாமிக்கு வளர்ற வயசு

மூன்றாவது தொப்பியும் ஏறவில்லை.

மொகாமி தெருமுனையில் குந்தி உட்கார்ந்து, மரக்கூண்டின் அழி போட்ட கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த கல்சாமியின் தலையில் தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி. பக்கத்துச் சலவைக் கடையின் இயந்திரத்தில் யாருடைய போர்வையோ தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டுக் கதவைத் திறந்ததும் மரத்துச் சில்வண்டுகள் ஒட்டுமொத்தமாகக் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தன. ஆகஸ்ட் மாதத்துக் கியோட்டோவில் சில்வண்டு நிற்பது என்பது, கச்சேரி நடுவில் மிருதங்கக்காரர் எழுந்து போவது மாதிரி.

மொகாமி சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

போன சனிக்கிழமை சாமியின் தலை முப்பத்தெட்டு சென்டிமீட்டர். புதன்கிழமை நாற்பது. இன்று நாற்பத்தொன்றரை.

வேறு யாராவதாக இருந்தால் நாடாவைச் சந்தேகித்திருப்பார்கள். மொகாமியின் வேலை லிஃப்ட் பரிசோதனை. கம்பி அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் எட்டு மாடிக் கட்டடத்தையே படியேற வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறவர். அவருடைய நாடாவை வருஷத்துக்கு இரண்டு முறை ஆபீசே சோதித்து முத்திரை போடுகிறது.

"ரொம்ப நிதானமா பண்றீங்க மொகாமி சார். பாக்கறதுக்கே மனசு குளுந்துபோகுது."

தெருச் சங்கத்தின் இந்த வருஷத் தலைவி ஷியோமியம்மா, கையில் தண்ணீர் தெளிக்கும் அகப்பையுடன் நின்றிருந்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்று மொகாமி குந்தியபடியே குனிந்து வணங்கினார்.

வீட்டுக்கு வந்து மனைவி சனாயேயிடம் பெருமையாகச் சொன்னார். சனாயே காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"பாராட்டா அது? இன்னும் முடிக்கலையான்னு கேட்டிருக்காங்க. நாம இந்த ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, நீங்க இன்னும் வார்த்தையையே கேட்டுட்டிருக்கீங்க."

"நம்ம ஊர் யமகாத்தாவுல நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னுதான் அர்த்தம்."

"அதனாலதான் யமகாத்தாவுல பாதிப் பேர் பேசறதே இல்ல."

இந்தச் சிக்கலுக்குக் காரணம் ஒரு முத்திரை.

ஐந்தாம் சந்தில் பன்னிரண்டு வீடுகள். தெரு அறிவிப்புகளை ஒரு பலகையில் செருகி வீடு வீடாகச் சுற்ற விடுவார்கள். உங்கள் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி, அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். படிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் படித்தால் பலகை தாமதமாகும். தாமதமானால் அடுத்த வீட்டுக்காரர் வந்து உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிப்பார். அதனால் எல்லோரும் முத்திரை குத்தினார்கள். மொகாமி நான்கு வினாடியில் குத்தினார். புதியவர் என்ற கூச்சம், இல்லாவிட்டால் மூன்று.

ஜூலை மாதப் பலகையில் எழுதியிருந்ததை அவர் ஆகஸ்டில்தான் தெரிந்துகொண்டார். பிள்ளைகளைக் காக்கும் ஜிசோ சாமிக்கு வரும் இருபத்து மூன்றாம் தேதி விழா. குழந்தையோடு புதிதாகக் குடிவந்த வீடு, அன்றைக்குள் சாமிக்குத் தொப்பி பின்ன வேண்டும். ஐந்து நிறம், புடைப்பு முடிச்சு, கைவேலை. கடையில் வாங்கினது செல்லாது. ஆட்சேபம் இருந்தால் முத்திரை குத்துவதற்கு முன் தெரிவிக்கவும்.

"யாரு முத்திரை குத்தினது?" என்று கேட்டாள் சனாயே.

"நான்தான்."

"அப்ப யாரு பின்னப்போறது?"

மறுத்திருக்கலாம். ஆனால் விழா நாளில் தெருப் பிள்ளைகளின் பெயர் எழுதிய காகித விளக்குகள் சாமிக்கு முன் தொங்கும். சாமிக்குப் புதுத் தொப்பி ஏறினால்தான் வரிசையில் புதுப் பெயர் ஏறும். மகள் சுமிரேவுக்கு ஆறு வயது. ஏப்ரலிலிருந்து இந்தத் தெருப் பிள்ளைகள் அவளை வீட்டு எண்ணை வைத்து "ஏழாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"வெளக்குல பேர் வந்துட்டா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாம் அப்பா," என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "வரலன்னா அடுத்த வருஷம் வரைக்கும் நான் ஏழுதானாம்."

மொகாமி மறுநாளே நூல் கடைக்குப் போனார்.

கல்லாவில் இருந்தவள் மிவா. கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். மதியத்தில் நூல் விற்கிறாள். தன்னைவிட இருபது வயது பெரிய லிஃப்ட் பரிசோதகருக்குக் குரோஷா ஊசி பிடிக்கச் சொல்லித்தருவதில் அவளுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

"ஒரே குழியில அஞ்சு நெட்டைத் தையல் போடுங்க. போட்டாச்சா? இப்ப ஊசியக் கழட்டுங்க. பயப்படாதீங்க, பிரியாது. முதல் தையலோட தலையில குத்தி, தொங்குற கண்ணியப் பிடிச்சு இழுங்க."

ஐந்து தையலும் ஒன்றாகக் குவிந்து சோளப்பொரி மாதிரி உப்பிக்கொண்டு எழுந்தது. மொகாமி அதை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது மறுபடி எழுந்தது. இருபது வருஷ வேலையில் எந்த லிஃப்டும் இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

"நிறம் மாத்தறதுலதான் சூட்சுமம்," என்றாள் மிவா. "ஒரு தையல் முடியறதுக்கு முன்னாடியே, கடைசி இழுப்புலயே அடுத்த நிறத்த எடுத்துடணும். மத்த நாலு நூலையும் உள்ளுக்குள்ளயே படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போகணும். அதுங்கள இழுத்துப் பிடிச்சீங்கன்னா தொப்பி சுருங்கிடும்."

பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஊதா. ஜிசோ மொட்டைத் துறவி; சுருட்டை முடி புத்தருக்குத்தான். இந்தத் தெருவில் மட்டும் மொட்டைத் துறவிக்கு ஐந்து நிறத்தில் சுருட்டை முடி ஏன் என்று மொகாமி கேட்டுப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. எப்போதாவது பலகையில் வந்திருக்கும்.

முதல் தொப்பியில் பொரிகள் எல்லாம் உள்பக்கமாக உப்பின. வெளியே வழுவழுப்பு, உள்ளே முந்நூறு முடிச்சு. "தலைக்கு மசாஜ் பண்ணும்," என்றாள் சனாயே. இரண்டாவது தொப்பி முப்பத்தெட்டுக்குச் சரியாக வந்தது. தலை நாற்பதாக இருந்தது. மூன்றாவது நாற்பதுக்கு வந்தபோது தலை நாற்பத்தொன்றரை.

"சாமிக்கு வளர்ற வயசு போலப்பா," என்றாள் சுமிரே.

"கல்லு வளராதும்மா."

"நீங்க தெனமும் அளக்கறீங்கல்ல. அதான் வளருது. எங்க க்ளாஸ்ல தவளைக்குஞ்சு அப்படித்தான் வளந்துச்சு."

மொகாமி நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். அன்று காலை நாடாவைச் சுற்றியபோது, கல் சற்றே முன்னால் சாய்ந்து கொடுத்தது போலிருந்தது. முடிதிருத்தும் கடையில் பிடரியைக் காட்டுவோமே, அப்படி. கூண்டில் வெயில் விழுவதில்லை. ஆனாலும் கல் வெதுவெதுப்பாக இருந்தது. இதை அவர் சனாயேயிடம் சொல்லவில்லை. லிஃப்ட் பரிசோதகர்களுக்கு ஆண்டுதோறும் மனநலப் பரிசோதனை உண்டு, அது செப்டம்பரில்.

போன வருஷத் தொப்பியைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டால் தொல்லையில்லை என்று தோன்றியது. ஷியோமியம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இருக்கே," என்று அவள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். "ஜூன் மாசம் யாரோ தொப்பியையும் கழுத்துத் துண்டையும் கழட்டி, பையில போட்டு, நம்ம வாசல்ல மாட்டிட்டுப் போயிருந்தாங்க. துவைச்சு எடுத்து வெச்சேன்."

"யாரு கழட்டினது?"

"கேக்கலியே. கேட்டா, ஏன் கேட்டேன்னு அவங்களுக்குச் சங்கடமா இருக்கும் பாருங்க."

இருவரும் கூண்டுக்குப் போனார்கள். சில்வண்டுகள் நின்றன. பழைய தொப்பியை மொகாமி சாமியின் தலையில் வைத்தார். அது உச்சியில், தேநீர்க் கெண்டியின் மூடி மாதிரி உட்கார்ந்தது.

சாமியின் முகம் காற்றிலும் மழையிலும் தேய்ந்து, முகம் இருந்த இடம் என்பது மட்டும் மிச்சமிருந்தது. அப்படித்தான் மொகாமி நினைத்திருந்தார். இன்று பார்த்தால் வாய் மாதிரி ஒரு கோடு இருந்தது.

"துவைச்சதுல சுருங்கியிருக்கும்," என்றாள் ஷியோமியம்மா.

"ஆமாங்க. சுருங்கியிருக்கும்."

"வெயிலும் ஜாஸ்தி."

"ஜாஸ்திதாங்க."

இரண்டு பேரும் வேறு வேறு பக்கமாக, சற்று வேகமாகவே வீட்டுக்குப் போனார்கள்.

"அது செயற்கை நூல் சார்," என்றாள் மிவா மறுநாள், பழைய தொப்பியை விரித்துப் பார்த்தபடி. "கொதிக்க வெச்சாலும் சுருங்காது."

மொகாமி நாற்காலியில் உட்கார்ந்தார். அளவுகளை எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டினார். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொன்றரை. இன்று காலை நாற்பத்து மூன்று. மிவா நோட்டைப் பார்த்தாள். பிறகு அவர் கொண்டுவந்திருந்த மூன்று தொப்பிகளையும் வரிசையாக மேஜையில் வைத்து, ஒவ்வொரு பொரியாக அமுக்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பின்னும்போது பயப்படறீங்களா?"

"எதுக்குக் கேக்கற?"

"ரெண்டாவது தொப்பி நல்லா இருக்கு. மூணாவது கல்லு மாதிரி இருக்கு. உள்ள போற நாலு நூலையும் கழுத்தப் புடிச்சு இழுத்திருக்கீங்க. மேஜையில நீட்டி அளந்தா நாப்பது வரும். தலையில போட்டா மூச்சு முட்டும். உங்க கைதான் சார் சுருங்குது."

"நாடா காட்டுதேம்மா. தலை அளவு ஏறுது."

"எங்க சுத்தினீங்க? நெத்திக்கு மேலயா, காதுக்கு மேலயா?"

மொகாமி யோசித்தார்.

"மொத நாள் நெத்திக்கு மேல."

"அப்புறம்?"

"அப்புறம்... காது பக்கம் இருக்கலாம்."

"தலை உருண்டை இல்ல சார். இங்க முப்பத்தெட்டு, அங்க நாப்பத்து மூணு. நாலு அளவ வெச்சு ஒரு கோடு போட்டா எதுவேணா வளரும். போன மாசம் நான் போட்ட கோட்டுல எங்க புரொபசரோட சம்பளமே குறைஞ்சுது."

மொகாமிக்கு நெஞ்சிலிருந்து பெரிய எடை இறங்கியது. அறிவியல் இவ்வளவு பக்கத்தில், நூல் கடைக் கல்லாவிலேயே கிடைக்கும்போது, ஒரு மனிதன் ஒரு வாரம் சும்மா பயந்திருக்கிறான். வெதுவெதுப்பு? ஆகஸ்ட். வாய்க்கோடு? பாசி. சில்வண்டு? அதற்கும் ஓய்வு வேண்டாமா. ஷியோமியம்மா சாமிக்கு வைக்கிற அரிசி உருண்டை தினமும் காணாமல் போவதைக் காக்கைக் கணக்கில் எழுதினார்.

நாலாவது தொப்பியை நாற்பத்து நாலுக்குத் தாராளமாக ஆரம்பித்தார். கை தளர்ந்திருந்தது. நூல்கள் உள்ளே சொன்னபடி படுத்துக்கொண்டு வந்தன. இருபத்திரண்டாம் தேதி காலை, கடைசி இரண்டு சுற்று பாக்கி. வேலைக்குப் போகும் வழியில் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று கூண்டுக்குக் கொண்டுபோனார்.

தொப்பி ஏறியது. வழுக்கிக்கொண்டு, ஆசையாக ஏறியது. காதுக்கு மேல் இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. அது அந்த இரண்டு சுற்றுக்கான இடம்.

கழற்றப் பார்த்தார். வரவில்லை.

இழுத்தார். வரவில்லை. தொப்பியின் விளிம்பில் விரலை விட்டார்; விடுவதற்கு இடமில்லை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. நிஜோ பக்கத்து ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் நிற்கிறதாம், உள்ளே இரண்டு மருத்துவர்களும் ஒரு கல்யாணத் தரகரும். மொகாமி ஐந்து நூலுருண்டைகளையும் சாமியின் மடியில் வைத்து, ஊசியைக் கண்ணியிலேயே தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஓடினார். அன்று வீடு திரும்பியபோது ஒரு மனிதனால் செய்யக்கூடியது படுப்பது மட்டும்தான்.

விழா நாள் காலை ஏழு மணிக்குக் கூண்டைத் திறந்தார். தொப்பி முடிந்திருந்தது.

கடைசி இரண்டு சுற்றும் ஒரே சீராக, பொரி ஒன்றும் பெரிதில்லை சிறிதில்லை. நூல் முனைகள் எங்கே மறைந்தன என்றே தெரியவில்லை. மிச்ச உருண்டைகள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. ஊதா உருண்டையில் ஊசி நேராகக் குத்தி நின்றது.

மொகாமியின் கண் கலங்கியது. சனாயே. காய் நறுக்குகிற மாதிரி பேசுவாளே தவிர, மனசு. சொல்லாமல் செய்துவிட்டாள், சொன்னால் தனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பாள். இந்த ஊர் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவரும் சொல்லாமல் விடுவதென்று முடிவு செய்து, கதவைச் சாத்தினார்.

ஒன்பது மணிக்குச் சனாயே வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கடைசி ரெண்டு சுத்து அருமையா இருக்கு," என்றாள். "இப்பதான் உங்க கை பழகியிருக்கு."

மொகாமி அர்த்தத்தோடு சிரித்தார். "ஆமா ஆமா. என் கை."

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. நானும் இந்த ஊர்ப் பேச்சு கத்துக்கிட்டேன்."

சனாயே அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தர்ப்பூசணி வெட்டப் போனாள்.

பந்தல் போட்டாயிற்று. பாய் விரித்தாயிற்று. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, தெருவளவு நீளமான ஜபமாலையைக் கைமாற்றி உருட்டுவதற்குத் தயாராக இருந்தார்கள். பத்து மணிக்குக் குரு வருவார். விளக்கு வரிசையின் கோடியில், மற்றவற்றைவிடச் சிவப்பாக, புதுக் காகித வாசனையோடு ஒன்று தொங்கியது. சுமிரே.

"சுமிரே, இங்க வா," என்று ஒரு பெண் குழந்தை கூப்பிட்டது. "எம் பக்கத்துல இடம் இருக்கு."

மொகாமி அதைக் கேட்டார். நாலு தொப்பி, முந்நூறு முந்நூறாக ஆயிரத்து இருநூறு பொரி. எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகிவிட்டது. ஷியோமியம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தொப்பி கச்சிதமா இருக்கு மொகாமி சார்," என்றாள்.

மொகாமி உள்ளர்த்தத்தைத் தேடினார். இருக்கவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் சொன்னது சொன்னதாகவே இருந்தது.

"இத்தனை வருஷமா பாக்கறேன், சாமி இந்த மாதிரி சந்தோஷமா இருந்து பாத்ததில்ல," என்று அவளே தொடர்ந்தாள். "முகமே தெளிஞ்சிருச்சு."

உண்மைதான். மூக்கு கூட இருந்தது.

சுமிரே பாயிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, தொப்பி மறுபடி டைட்டாயிருச்சு."

"அதெல்லாம் நம்ம பார்வைம்மா. எங்க சுத்தி அளக்கறோம்ங்கறதுலதான் இருக்கு. போய் உக்காரு, கூப்பிடறாங்க பாரு."

அப்போது சந்துக்குள் ஒரு சின்ன லாரி பின்பக்கமாக நுழைந்தது. கோயில் பெயர் போட்ட சட்டையணிந்த ஓட்டுநர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிய, முழங்கால் உயரத்துக்கு ஏதோ ஒன்றை இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

"மன்னிச்சுக்கங்க, வழியில நெரிசல். ஒம்பதுக்கே வந்திருக்கணும்."

"ஐஸ் பெட்டியா?" என்று கேட்டாள் ஷியோமியம்மா. "நாங்க சொல்லலியே. பக்கத்துத் தெருவா இருக்கும்."

"அஞ்சாம் சந்துதானுங்களே?"

ஓட்டுநர் அட்டையில் செருகியிருந்த காகிதத்தைக் காட்டினார். தெருப் பலகையில் சுற்றுகிற அதே காகிதம். அடியில் பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டு சிவப்பு முத்திரைகள். ஷியோமியம்மாவின் முத்திரை நேராக இருந்தது. மொகாமியின் முத்திரை, நாலு வினாடிக்கே உரிய சாய்வோடு, கொஞ்சம் கோணலாக இருந்தது. போன வருஷத் தலைவர் ஏப்ரலில் பொறுப்பை ஒப்படைக்கும் முன் எழுதிய மேல்பகுதியை மொகாமி முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.

மரத்தில் சில்வண்டுகள் நின்றன. கூண்டுக் கதவை யாரும் தொடவில்லை.

ஓட்டுநர் வண்டியைத் தள்ளிவந்து நிறுத்தி, போர்வையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "கழுத்து விரிசல நல்லா பூசிட்டோம், இனிமே நூறு வருஷத்துக்குப் பயமில்ல. ஜூன் பன்னண்டுலேர்ந்து உங்க சாமி எங்க கோயில்லயே இருந்து பழகிட்டாரு. கூண்டு காலியாத்தானே கெடக்கும், கொஞ்சம் கதவத் தெறந்து விடுங்க சார்."